இராசேஸ்வரி ரீச்சரின் யானை

காய்ந்துபோன கலர் பேனையின் பின்மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, உள்ளே இருக்கும் பஞ்சில் சொட்டுச் சொட்டாக ஓடிக்கொலோன் விடுகிறார் இராசேஸ்வரி ரீச்சர். மூடியை அமர்த்தி, பேனையைத் தலைகீழாகப் பிடித்து உதறுகிறார். பழைய பத்திரிகையின் ஓரத்தில் ஒரு கோடு. ஒன்றும் இறங்கவில்லை. இன்னுமொரு கோடு. இப்போது பச்சை வருகிறது. "கிடந்தவர் எழும்பியிட்டார்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அதைக் கைப்பைக்குள் வைக்கிறார். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரம் இருக்கும் அந்தச் சின்னப் பாடசாலையின் ஆசிரியர் அறையில், முதல் மணிக்கு முன்னர் அடிக்கடி நடக்கும் வைத்தியம் இது. அவர் கீறிய படங்களுக்குக் கிட்டப் போனால் காய்ச்சல்காரரின் நெற்றி வாசம் அடிக்கும்.

அந்தப் பேனைகளை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. விளையாட்டுப் போட்டிக்கு அறிவித்தல் எழுதவென்று பாடசாலை அதிபர் வீரையா ஒருமுறை சிவப்புக் கேட்டார். "அறிவித்தலை நான் எழுதித் தாறன், சேர். பேனை என்ர கைக்குத்தான் எழுதும்" என்று சொல்லி, உட்கார்ந்து எழுதியே கொடுத்துவிட்டார். அதிபர் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

புவியியல் அவருடைய பாடம். கரும்பலகையில் இலங்கைப் படத்தை ஒரே இழுவையில் கீறுவார். பருத்தித்துறையில் சோக்கை வைத்தால், முல்லைத்தீவுக் கரையால் இறங்கி, திருகோணமலையில் ஒரு குழிவு காட்டி, தெற்கைச் சுற்றி, புத்தளத்தில் ஏறி, மன்னாருக்கு ஒரு மூக்கு வைத்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்வரை கை எடுக்கமாட்டார். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு காலத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் யன்னலில் தொங்கினார்கள். போர் முடிந்து ஊர் மீள்குடியேறிய புதிதில் பாடசாலையில் கூரைத் தகரமும் ஒரு கரும்பலகையும்தான் இருந்தன. சீமெந்துப் பைகளைக் கிழித்து விரித்து, அவற்றில் உலகத்தையே கீறி மாட்டியவர் அவர். பிறகு கல்வி வலயக் கண்காட்சியில், டிமை எனும் பெரிய தாள்களை ஒட்டிக் கீறிய 'ஈர வலயமும் உலர் வலயமும்' என்ற பெரும் படத்துக்கு முதலிடம் கிடைத்தது. புவியியல் அறையின் நடுச்சுவர் அந்தப் படத்துக்கென்று ஆகிவிட்டது.

குரல் பெரிது. அவர் மாட்டைக் கூப்பிட்டால் பக்கத்து வயல் மாடும் வரும் என்று கணவர் பாலன் சொல்வார். வகுப்புக்குள் அவர் கால் வைத்தால் பிள்ளைகள் மூச்சையும் மெதுவாகத்தான் விடுவார்கள். அதை மரியாதை என்று ரீச்சர் நெடுங்காலமாக நம்பியிருந்தார். சிவதர்சினி வந்த பிறகுதான் அந்த நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்தது.

சிவதர்சினி வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த தகவல் தொழில்நுட்ப ஆசிரியை. இன்னும் முப்பதைத் தொடாத வயது, சிவப்பு ஸ்கூட்டர், சோக்குத் தூள் ஒட்டாத கை. அவர் வந்த அதே தவணையில், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் தொட்டால் படம் காட்டும் ஸ்மார்ட் போட் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். பூட்டிவைக்கக்கூடிய கதவும் வெடிப்பில்லாத சுவரும் புவியியல் அறைக்குத்தான் இருந்தன. ஆகவே 'ஈர வலயமும் உலர் வலயமும்' கழற்றப்பட்டு, சுருட்டப்பட்டு, அலுமாரிக்குப் பின்னால் போயிற்று. ஸ்மார்ட் போட் நடுச்சுவரில் ஏறியது.

"நல்லது தானே, பிள்ளையளுக்கு நல்லது" என்றார் இராசேஸ்வரி ரீச்சர் எல்லோர் முன்னாலும். வீட்டுக்குப் போய்ப் பாலனிடம், "படம் கீறத் தெரியாததுகளுக்கு ஒரு படம் காட்டுற பெட்டி" என்றார்.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேட வேண்டியதில்லை. ரீச்சரும் தேடவில்லை. காலையில் சிவப்பு ஸ்கூட்டர் வாசலுக்கு வந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் ஹெல்மெட்டை வாங்குவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். சைக்கிளில் வரும் தன் கூடைக்கு ஒரு கை நீளவில்லையே என்று எரியும். அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால், "படிப்பு நடக்குதோ, கல்யாணவீடு நடக்குதோ" என்று முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பக்கமாகத்தான் நடந்து போவார். எல்லாவற்றிலும் கூடுதலாகக் குத்தியது ஒரு சொல். பத்தாம் தரத்துப் பிள்ளைகள் இவரைப் 'புவியியல் ரீச்சர்' என்பார்கள். சிவதர்சினியை 'எங்கட ரீச்சர்' என்பார்கள்.

சிவதர்சினி பத்தாம் தரத்துக்கு ஒரு செயற்றிட்டம் கொடுத்தார். தலைப்பைப் பிள்ளைகளே தெரிவுசெய்ய வேண்டும், தகவலைப் பிள்ளைகளே தேட வேண்டும் என்றார். அந்த ஊர்ப் பிள்ளைகள் வேறு எதைத் தெரிவுசெய்வார்கள்? யானையைத் தெரிவுசெய்தார்கள். யானை எந்த வழியால் ஊருக்குள் வருகிறது என்று ஒரு வரைபடம் செய்வதென்று முடிவாயிற்று. யானையைக் கண்டவர்கள் கைப்பேசியில் ஒரு பொத்தானை அமத்தினால் போதும், ஸ்மார்ட் போட்டிலுள்ள ஊர்ப் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும்.

இராசேஸ்வரி ரீச்சருக்குத் தெரிந்த செயற்றிட்டம் வேறு. அவர் 'மழைக்காடு' என்று தலைப்புக் கொடுப்பார். பிள்ளைகள் மாங்குளத்துக்குப் பஸ் எடுத்து, அச்சடித்துக் கொடுக்கும் கடைக்குப் போய், "ரீச்சர் மழைக்காடு கேட்டவா" என்பார்கள். கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே மழைக்காட்டையே கொடுப்பார். ரீச்சர் மட்டையின் அலங்காரத்தைப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவார். இது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு, யாருக்கும் கரைச்சல் இல்லை.

"பிள்ளையள் கேள்வியைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும், ரீச்சர். பிழை விட்டுத்தானே படிக்கோணும்" என்று சிவதர்சினி ஒருநாள் தேநீர் நேரத்தில் சொன்னார்.

"பிழையைப் பிள்ளையள் விடுவினம். விளக்கம் கேக்க அதிபர் எங்களைத்தான் கூப்பிடுவார்" என்றார் இராசேஸ்வரி ரீச்சர்.

பத்தாம் தரத்தில் கிருசாந்தி என்றொரு பெண்பிள்ளை. தகப்பன் கச்சான் கடலை பயிரிடுகிறவர். யாரும் கேட்காமலே கருத்துச் சொல்லக்கூடிய பிள்ளை. பழைய செயற்றிட்டத்துக்கும் புதியதுக்கும் என்ன வித்தியாசம் என்று அதிபர் கேட்டபோது, "முந்தி மட்டைக்கு அலங்காரம் செய்து அம்மாக்குத்தான் நித்திரை இல்லை, சேர். இப்ப எங்களுக்கு இல்லை" என்றாள். அதிபர் சிரித்தார். இராசேஸ்வரி ரீச்சர் கேட்காததுபோல் கொப்பிகளைத் திருத்தினார்.

யானை விஷயத்தில் ரீச்சருக்கு ஒரு தனிக்கதை உண்டு. புரட்டாதியில் ஒரு விடியப்புறம் யானை அவர் வீட்டுக்கே வந்தது. குசினிச் சுவரை இடித்து, நெல் மூடையைத் தும்பிக்கையால் இழுத்து, முற்றத்தில் வைத்துச் சாவகாசமாகத் தின்றது. பாலன் தகரத்தைத் தட்டிக்கொண்டு நிற்க, ரீச்சர் தன் பெருங்குரலில் அதை வகுப்பிலே திட்டுவதுபோல் திட்டினார். யானை மூடையை முடித்துவிட்டுத்தான் போனது. அன்றைக்கும் ரீச்சர் நேரத்துக்குப் பாடசாலைக்கு வந்தார். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஏனென்றால் பிள்ளைகள் வந்து கேட்கவேண்டும். அவ்வளவுதான் அவர் விரும்பியது. யானையைப் பற்றி ஊரெல்லாம் விசாரிக்கிற பிள்ளைகள், குசினி இடிந்துபோய் நிற்கும் தங்கள் சொந்த ரீச்சரிடம் வந்து, 'உங்கட வீட்டுக்கு வந்ததோ ரீச்சர்?' என்று ஒரு வார்த்தை கேட்டால், முழுக்கதையும் சொல்வார். எந்தப் பக்கத்தால் வந்தது, எந்தப் பக்கத்தால் போனது, எல்லாம் கீறிக்கூடக் காட்டுவார். நாட்கள் போயின. ஒருவரும் வரவில்லை.

"நீராப் போய்ச் சொன்னால் என்ன? அதையும் போடுவினம் தானே" என்றார் பாலன்.

"கேட்டால் சொல்லுவன். கேக்காமல் நான் ஏன் சொல்லோணும்?"

"அப்ப ஆனையை இன்னொருக்கா வரச்சொல்லுவம், பிள்ளையள் பாக்கிற நேரமாப் பாத்து."

அந்தப் பகிடிக்கு ரீச்சர் சிரிக்கவில்லை. அந்தக் கிழமையில் ஒரு பின்னேரம் வாசல் படலைப் பக்கமாக நாய் குரைத்தது. ரீச்சர் குசினியில் அடுப்படியில் நின்றபடியே, "ஆரது?" என்று ஒரு குரல் கொடுத்தார். பதில் இல்லை. நாயும் நிறுத்திவிட்டது. மாடாக்கும் என்று விட்டுவிட்டார்.

இதற்கிடையில் ஸ்மார்ட் போட்டில் புள்ளிகள் நிறைந்துவந்தன. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, அறையைக் கடக்கிற சாட்டில் ரீச்சர் எட்டிப் பார்ப்பார். ஒருநாள் அப்படிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். புள்ளிகள் எல்லாம் குளக்கட்டில் இருந்தன. வயலில் இல்லை, கச்சான் தோட்டத்தில் இல்லை, காட்டோர வீடுகளில் இல்லை. குளக்கட்டில், பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாகச் சிவப்பாகக் குவிந்து கிடந்தன. அந்தப் படத்தை நம்பினால் ஊரிலுள்ள அத்தனை யானையும் பிள்ளையாருக்குப் பொங்கல் வைக்க வந்து நிற்கிறது என்றுதான் சொல்லவேண்டும்.

காரணம் ரீச்சருக்கு உடனே பிடிபட்டது. ஊரில் குளக்கட்டில் ஏறினால்தான் கவரேஜ் வரும். வெளிநாட்டிலிருக்கும் தம்பியோடு கதைக்க அவரே அங்கேதான் போய் நிற்பார். பிள்ளைகளும் இரவு வீட்டில் யானையைக் கண்டுவிட்டு, விடியக் கட்டுக்கு வந்து கைப்பேசியை அமத்தியிருக்கிறார்கள். கைப்பேசிக்கு யானை நின்ற இடம் தெரியுமா? பிள்ளை நின்ற இடம்தான் தெரியும். வவுனியாவிலிருந்து வந்தவருக்கு இது எப்படி விளங்கும்?

ரீச்சர் யாருக்கும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது சைக்கிளைக்கூட வேகமாக மிதித்தார். கல்வி வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் இந்தச் செயற்றிட்டத்தைப் பார்க்க வரப்போகிறார் என்று அதிபர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் முன்னால் கேட்கவேண்டிய கேள்வியை ரீச்சர் சட்டி கழுவும்போது சொல்லிப் பார்த்தார், உடுப்புத் தோய்க்கும்போதும் சொல்லிப் பார்த்தார். கோபமாகக் கேட்கக்கூடாது. ஒன்றும் தெரியாத ஆள் கேட்பதுபோல் கேட்கவேண்டும். அந்த நாட்களில் சிவதர்சினியிடம் அவர் மிகவும் அன்பாகப் பேசினார். ஒருநாள் வீட்டில் செய்த பயத்தம் பணியாரம்கூடக் கொடுத்தார்.

ஆலோசகர் வந்த அன்று ரீச்சர் நீலக் கரைச் சேலை உடுத்துக்கொண்டு, பின்வரிசையில் ஒரு பிள்ளையின் கதிரையில் அமர்ந்தார். ஸ்மார்ட் போட் ஒளிர்ந்தது. புள்ளிகள் அப்படியே குளக்கட்டில் குவிந்திருந்தன. ஆலோசகர் தலையாட்டி, "நல்ல முயற்சி, நல்ல முயற்சி" என்றார். ஒரு புள்ளியைத் தொட்டால் நாளும் நேரமும் வருவதைப் பார்த்து இன்னும் வியந்தார். ரீச்சருக்குத் தாங்கவில்லை. பிழையைப் போட்டுவிட்டுப் பாராட்டு வாங்குகிறாளே என்று கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்து நின்றார்.

"ஒண்டு கேக்கலாமோ? எனக்கு உந்த மிசின் வேலை விளங்காது. எங்கட ஊர் ஆனையள் எல்லாம் குளக்கட்டிலயோ நிக்குது?"

சிவதர்சினியின் முகம் வாடியதை ரீச்சர் கண்ணாரக் கண்டார். சட்டி கழுவிச் சொல்லிப் பார்த்ததெல்லாம் வீண்போகவில்லை என்று நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் கிருசாந்தி எழுந்தாள்.

"இல்லை ரீச்சர். அது ஆனை நிண்ட இடம் இல்லை, நாங்கள் நிண்ட இடம். எங்கட வீடுகளில கவரேஜ் இல்லை. கட்டுக்கு வந்துதான் அமத்தினனாங்கள்."

"அப்ப இந்தப் படம் பிழைதானே?" என்றார் ஆலோசகர்.

"பிழைதான் சேர். எங்கட ரீச்சர் அழிக்கச் சொன்னவா, நாங்கள்தான் வேண்டாம் எண்டனாங்கள். ராவில ஆனை வந்தால் எங்கட ஊரில ஆரும் ஆரையும் கூப்பிட ஏலாது. அதை உந்தப் படம் சரியாக் காட்டுது தானே?"

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். சிவதர்சினி நிலத்தைப் பார்த்தார். பிழை விட்டுப் படிக்கவேண்டும் என்று சொன்னவருக்கும் மேலிடத்தவர் வருகிறார் என்றதும் அழிக்கத்தான் தோன்றியிருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே ரீச்சர் ஒரு மாதம் சந்தோசப்பட்டிருப்பார். இப்போது அவருக்குச் சந்தோசம் வரவில்லை. அத்தனை நாளும் பொத்திப் பொத்தி வைத்திருந்த பிழை பிள்ளைகளுக்கு முதலே தெரிந்திருக்கிறது. அந்தப் பிழைகூடத் தனக்கென்று இல்லாமல் போயிற்றே என்று அதன்மேலும் பொறாமை வந்தது.

"அப்ப ஆனை நிண்ட இடம்?" என்று ஆலோசகர் கேட்டார்.

பிள்ளைகள் மேசைகளை இழுத்துச் சேர்த்து, சுருட்டியிருந்த பெரிய தாளொன்றை விரித்தார்கள். கைப்பேசியை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். குளம், வாய்க்கால், வயல், ஒழுங்கைகள் எல்லாம் கையால் கீறியிருந்தார்கள். அந்தந்த வீட்டுக்காரரே தங்கள் வீடு இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். புள்ளிகள் காட்டோரத்திலிருந்து வாய்க்காலைப் பிடித்து ஊருக்குள் இறங்கின. கோடுகள் கோணல்தான். வாய்க்கால் வளைய வேண்டிய இடத்தில் வளையவில்லை. ரீச்சர் அதைத் திருத்தத்தான் கிட்டப் போனார்.

கிட்டப் போனதும் ஓடிக்கொலோன் மணத்தது. தாளின் ஓரத்தில் பழைய ஒட்டுநாடா. ஊர்ப் படத்துக்கு அடியில், பின்பக்கத்திலிருந்து ஊறிய பச்சையில், இலங்கை இடம்வலம் மாறி மங்கலாகத் தெரிந்தது. மன்னாரின் மூக்குக் கிழக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அது அவருடைய 'ஈர வலயமும் உலர் வலயமும்'.

"பெரிய தாள் வேற இல்லை, ரீச்சர்" என்றாள் கிருசாந்தி. குரல் இறங்கிவிட்டது. "அலுமாரிக்குப் பின்னால கிடந்தது. பின்பக்கத்திலதான் கீறினனாங்கள். முன்பக்கம் ஒண்டும் செய்யேல்லை."

எல்லோரும் ரீச்சரின் வாயைப் பார்த்தார்கள். அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அது வருவதற்குள் ஆலோசகர் படத்தில் ஒரு மூலையைக் காட்டினார். காட்டோரத்து ஒழுங்கையொன்று, ஒரு புள்ளியும் இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது. "இந்தப் பக்கம் ஆனை வாறேல்லையோ?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அது புவியியல் ரீச்சரின்ர ஒழுங்கை, சேர்" என்றாள் கிருசாந்தி.

"ஏன், போகேல்லையோ?"

"போனனாங்கள். படலையடியில நிண்டனாங்கள். ரீச்சர் 'ஆரது' எண்டு கேட்டவா." கடைக்கண்ணால் ரீச்சரைப் பார்த்தாள். "ஓடி வந்திட்டம்."

வகுப்பு சிரித்தது. அதிபர் வீரையாவும் வாயைப் பொத்திக்கொண்டார். ரீச்சருக்கு நாய் குரைத்த அந்தப் பின்னேரம் நினைவுக்கு வந்தது. வந்திருக்கிறார்கள். கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். படலையைத் திறக்க இரண்டு எட்டு நடக்காமல், அடுப்படியில் நின்று தானே கலைத்துவிட்டிருக்கிறார். அவர் முகம் சிவந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

தேநீருக்கு நேரமென்று அதிபர் ஆலோசகரை அழைத்துப் போனார். பிள்ளைகள் படத்தைச் சுருட்டத் தொடங்கினார்கள். "கொஞ்சம் பொறுங்கோ" என்றார் ரீச்சர். அந்தக் குரலை அந்த அறை அதுவரை கேட்டதில்லை, அவ்வளவு சின்னதாக இருந்தது. சிவதர்சினி ஸ்மார்ட் போட்டை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கிருசாந்தி தங்கள் சிவப்புப் பேனையை நீட்டினாள். ரீச்சர் அதை வாங்கவில்லை. கைப்பையைத் திறந்து, தன்னுடைய சிவப்பை எடுத்து, மூடியைக் கழற்றி, படத்தின்மேல் குனிந்தார்.

"புரட்டாதியில. விடியப்புறம். குசினிச் சுவர்" என்றார், யாரையும் பார்க்காமல்.

வெறுமையாயிருந்த ஒழுங்கையின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தார். நிமிர்ந்து மற்றப் புள்ளிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பவும் குனிந்து, தன்னுடையதைச் சுற்றி இன்னுமொரு வட்டம் போட்டு நிரப்பி, எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் பெரிதாக்கினார்.